கால்கள் தயார், ரத்தம் தயாரில்லை

1995 அக்டோபர் 16 அன்று யோரான் க்ரோப் என்ற ஸ்வீடன் நாட்டு மலையேறி ஸ்டாக்ஹோமிலிருந்து சைக்கிளில் புறப்பட்டார். போய்ச் சேர வேண்டிய இடம் எவரெஸ்ட் உச்சி. வண்டியில் 108 கிலோ சுமை: கயிறு, கூடாரம், பனிக்கோடரி, உணவு. வழியில் எந்த வாகனத்திலும் ஏறுவதில்லை, மலையில் ஷெர்பாக்களின் தோளில் சுமையை ஏற்றுவதில்லை, ஆக்சிஜன் உருளையைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே நிபந்தனை போட்டுக்கொண்டவர் அவர். ஐரோப்பாவைக் கடந்து, ஆசியாவைக் கடந்து, 13,000 கிலோமீட்டர் மிதித்து நேபாளம் வந்தார். அங்கிருந்து நடை. 1996 ஏப்ரலில் எவரெஸ்ட் அடிவார முகாமில் நின்றார்.

மாதக்கணக்கில் சைக்கிள் மிதித்த உடல் மலைக்கு எந்த அளவுக்குத் தயாராக இருக்கும்? நம்மில் பலரும் யோசிக்காமல் சொல்லும் பதில், 'இதைவிடத் தயாரான உடல் வேறு ஏது?' என்பதுதான். உடலியல் சொல்லும் பதில் வேறு. அந்த உடல் பாதிதான் தயார். தயாராக இருக்கும் அந்தப் பாதிதான் மற்றப் பாதியை ஆபத்தில் மாட்டிவிடுகிறது.

முதலில் தயாரான பாதி. நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் மிதிப்பவரின் தொடைத் தசைகளில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பெருகுகின்றன. தசைநார்களைச் சுற்றிப் புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன. இதயத்தின் இடது கீழறை விரிந்து, ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தைத் தள்ளுகிறது. அதனால் ஓய்வில் நாடித்துடிப்பு குறைகிறது. கொழுப்பை எரித்தே பல மணி நேரம் ஓடும் வல்லமை தசைக்கு வந்துவிடுகிறது. ஆனால் இத்தனை மாற்றங்களுக்கு நடுவிலும் ஓர் உறுப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அது நுரையீரல். எவ்வளவு பயிற்சி செய்தாலும் காற்றறைகளின் பரப்பு பெரிதாக வளர்வதில்லை. சமவெளியில் அது ஒரு குறையே இல்லை, ஏனென்றால் அங்கே நுரையீரலின் கொள்ளளவு தேவைக்கு மேல் இருக்கிறது. மலையில் கணக்கு மாறுகிறது.

மலை மேலே ஆக்சிஜன் குறைவு என்று சொல்கிறோம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு கன்னியாகுமரிக் கடற்கரையிலும் எவரெஸ்ட் உச்சியிலும் ஒன்றுதான், 20.9 சதவீதம். குறைவது அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசம் அளவுக்கு இருக்கும் காற்றழுத்தம் 5,500 மீட்டர் உயரத்தில் பாதியாகிவிடுகிறது. இதில் உடலே பிடித்துக்கொள்ளும் ஒரு வரியும் உண்டு. நாம் இழுக்கும் காற்று எவ்வளவு வறண்டதாக இருந்தாலும், மூக்கிலும் மூச்சுக்குழலிலும் ஈரமாகித்தான் உள்ளே போகிறது. உடல் வெப்பநிலையில் அந்த நீராவி எடுத்துக்கொள்ளும் இடம் 47 மில்லிமீட்டர். கடற்கரையிலும் 47, உச்சியிலும் 47. மொத்தம் 760 இருக்கும்போது இது பொருட்டல்ல. மொத்தமே 253 ஆகும்போது பொருட்டுதான்.

அந்த 253 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். 1981 அக்டோபரில் ஜான் வெஸ்ட் தலைமையில் போன அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழுவைச் சேர்ந்த கிறிஸ் பிட்சோ என்ற மருத்துவர், எவரெஸ்ட் உச்சியில் நின்று அழுத்தமானியைப் பார்த்துப் பதிவு செய்த அளவு அது. 253-இல் நீராவியைக் கழித்து, மிச்சத்தில் 20.9 சதவீதம் எடுத்தால் மூச்சில் வரும் ஆக்சிஜனின் அழுத்தம் 43 மில்லிமீட்டர். கடற்கரையில் அது 149. இன்னொரு வியப்பு, பொதுவான வளிமண்டல அட்டவணைப்படி அந்த உயரத்தில் இருக்க வேண்டியது சுமார் 236தான். எவரெஸ்ட் நிலநடுக்கோட்டுக்குக் கொஞ்சம் அருகில், 28 பாகையில் இருக்கிறது. அங்கே காற்று வெதுவெதுப்பாகவும் வளிமண்டலம் உயர்ந்தும் இருப்பதால் உச்சியில் சற்றுக் கூடுதலாகக் காற்று மிஞ்சுகிறது. அலாஸ்காவின் டெனாலி மலை இருக்கும் 63 பாகையில் எவரெஸ்ட் நின்றிருந்தால், உருளை இல்லாமல் மனிதர் ஏறியிருக்கவே முடியாது என்பது வெஸ்ட்டின் கணக்கு. மூச்சுவிடுவதன் எல்லைக்கோட்டுக்குச் சற்று இப்பால் அந்த உச்சி நிற்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இப்போது கன்னியாகுமரியிலிருந்து லடாக்கின் கார்துங் லா வரை மிதிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அப்படிப் போகிறவர்கள் இன்று பலர். மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பெரும்பாலும் சமவெளி. மணாலிக்கு வந்து சேரும்போது அவர் தன் வாழ்நாளிலேயே வலுவான கால்களோடு இருக்கிறார். மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து பழைய பாதையில் ரோதாங் கணவாய் 3,978 மீட்டர், ஐம்பது கிலோமீட்டர் ஏற்றம். பயிற்சி இல்லாதவரால் இதை ஒரே நாளில் மிதித்து ஏற முடியாது. அவரது கால்கள் நடுவழியிலேயே நின்றுவிடும், அவருடைய தலையும் நுரையீரலும் தப்பிக்கும். நம் பயணியின் கால்கள் நிற்பதில்லை. சிறுநீரகமும் ரத்தமும் தயாராவதற்கு முன்பே அவரை மேலே கொண்டுபோய்விடுகின்றன. உடல் வலுவாக இருப்பது மலை நோயிலிருந்து காப்பாற்றுவதில்லை என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அன்றிரவு தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. அதையும் மீறி மேலே போனால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இரண்டும் உயிரைப் பறிப்பவை. இரண்டுக்கும் முதல் மருந்து கீழே இறங்குவது.

சிறுநீரகத்துக்கு இதில் என்ன வேலை? கழுத்தில், மூளைக்குப் போகும் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவு சிறு திசு ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை முதலில் அறிவது அதுதான். அறிந்த உடனே மூச்சை வேகப்படுத்தச் சொல்கிறது. வேகமாக மூச்சு விட்டால் ஆக்சிஜன் கூடும், ஆனால் கார்பன் டை ஆக்சைடும் அளவுக்கு மீறி வெளியேறிவிடும். அது வெளியேறினால் ரத்தம் காரத்தன்மை அடையும். மூளைத்தண்டு மூச்சை நடத்துவது பெரும்பாலும் இந்த அமில-கார அளவைப் பார்த்துத்தான். ஆகவே அது 'போதும், மெதுவாக' என்கிறது. கழுத்து ஒன்று சொல்ல, மூளைத்தண்டு வேறு சொல்கிறது. இந்தச் சண்டையைத் தீர்த்துவைப்பது சிறுநீரகம். ரத்தத்திலிருந்து பைகார்பனேட்டை எடுத்துச் சிறுநீரில் விட்டு, காரத்தைக் குறைக்கிறது. அது ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியமல்ல, நாட்கள் ஆகும். மலையில் முதல் சில இரவுகளில் அடிக்கடி எழுந்து குளிரில் வெளியே போகவேண்டியிருப்பது தொல்லையாகத் தெரியலாம். உடல் பழகிவருகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். அசிட்டசோலமைடு மாத்திரை செய்வதும் இதே வேலையைத்தான், பைகார்பனேட்டை விரைவாக வெளியேற்றுகிறது.

சண்டை தீரும்வரை இரவில் விநோதமான ஒன்று நடக்கும். ஒரே கூடாரத்தில் இருவர் படுத்திருந்தால், விழித்திருப்பவர் மற்றவரின் மூச்சைக் கேட்டு நடுங்கிப்போவார். மூச்சு ஆழமாகி, வேகமாகி, பிறகு தேய்ந்து, அடியோடு நின்றுவிடும். பத்து விநாடி, சில சமயம் அதற்கும் மேல், ஒன்றுமே கேட்காது. பிறகு பெரிய இழுப்போடு மீண்டும் தொடங்கும். தூங்குபவருக்கு எதுவும் தெரியாது, அல்லது மூச்சுத் திணறி விழித்துக்கொள்வார். கார்பன் டை ஆக்சைடு குறைந்ததும் மூளைத்தண்டு மூச்சை நிறுத்துகிறது, ஆக்சிஜன் குறைந்ததும் கழுத்து அதைத் தொடக்கிவைக்கிறது. இரவு முழுவதும் இதே சுழற்சி. தூக்கத்தில் ஆக்சிஜன் பகலைவிடக் குறைவதால்தான் மலையில் எவ்வளவு உயரம் தொட்டோம் என்பதைவிட எந்த உயரத்தில் படுத்தோம் என்பது முக்கியம். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் நின்று போ என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி.

ரத்தத்தின் வேலை இன்னும் மெதுவானது. ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் எப்படி அறிகின்றன என்பதைக் கண்டறிந்ததற்காக கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் ஆராய்ந்த புரதம் எல்லாச் செல்களிலும் எப்போதும் உருவாகிக்கொண்டே இருக்கிறது, போதிய ஆக்சிஜன் இருந்தால் உடனுக்குடன் அழிக்கவும் படுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அழிப்பு நின்றுவிடும். புரதம் சேர்ந்து, சிறுநீரகத்தை எரித்ரோபொயட்டின் சுரக்கச் சொல்லும். அந்தச் செய்தி எலும்பு மஜ்ஜைக்குச் சில மணி நேரத்தில் போய்விடுகிறது. ஆனால் புதிய சிவப்பணுக்கள் பிறந்து ரத்தத்தில் போதிய அளவு சேர வாரங்கள் வேண்டும். அதுவரை உடல் ஒரு தற்காலிக வழியைக் கையாளும்: ரத்தத்திலுள்ள நீரைக் குறைத்து, இருக்கும் சிவப்பணுக்களின் அடர்த்தியைக் கூட்டிக்கொள்ளும். விநோதம் என்னவென்றால், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உயரத்திலேயே வாழும் திபெத்தியர்களின் உடல் இந்த வழியில் போவதில்லை. அவர்களிடம் உள்ள ஒரு மரபணு வடிவம் ரத்தம் கெட்டியாவதைத் தடுத்து வைக்கிறது. மறைந்துபோன டெனிசோவன் என்ற பழைய மனித இனத்திடமிருந்து அது வந்தது என்று 2014-இல் தெரியவந்தது.

சமவெளியில் சைக்கிளைப்போல் சிக்கனமான ஊர்தி கிடையாது. ஒரே தொலைவுக்கு நடப்பதில் ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் போதும். ஏனென்றால் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உடலைத் தூக்கி இறக்குகிறோம், சைக்கிளில் அந்தச் செலவு இல்லை. மேட்டில் இந்தச் சலுகை பறிபோகிறது. 75 கிலோ மனிதர், 40 கிலோ வண்டியும் மூட்டையும் என்று வையுங்கள். 8 சதவீதச் சரிவில் மணிக்கு 6 கிலோமீட்டர் போக ஏறக்குறைய 160 வாட் திறன் வேண்டும். பழகிய கால்களுக்குக் கடல்மட்டத்தில் அது இயலும். 5,000 மீட்டரில் உடல் உள்ளிழுத்துப் பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடுவதால் நீண்ட நேரம் தரக்கூடியது 100 வாட் அளவுக்கு வந்துவிடும். அந்த 100 வாட்டுக்கு வேகம் மணிக்குச் சுமார் மூன்றே முக்கால் கிலோமீட்டர். அவ்வளவு மெதுவாகப் போகும் பாரவண்டியை நேராக நிறுத்தவே முடியாது, முன்சக்கரம் இங்கும் அங்கும் அலைபாயும். எவ்வளவு சிறிய கியர் இருந்தாலும் இதற்கு விடை இல்லை. இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

தள்ளுவது தனி வேலை. கைப்பிடியைப் பிடித்து உடலை முன்னால் சாய்க்க, குதிகால் தரையைத் தொடாமல் கெண்டைச்சதை இழுபடும். சரளைக் கல்லில் பாதம் வழுக்கும். பத்து அடி தள்ளி, பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டி பின்னால் ஓடாமல் நிறுத்தி, இருபது முறை மூச்சு வாங்கி, அடுத்த பத்து அடி. மிதித்தே பழகிய காலுக்கு இந்தத் தசைகளில் பல புதியவை. மெல்லிய காற்று இதற்கெல்லாம் ஈடாகத் தருவது ஒன்றுதான், வேகமாகப் போகும்போது குறைவாக எதிர்க்கும். 1972-இல் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரச் சாதனைக்கு 2,240 மீட்டர் உயரத்திலுள்ள மெக்சிகோ நகரத்தைத் தேர்ந்தெடுத்து 49.431 கிலோமீட்டர் ஓட்டியது இதற்காகத்தான். மூட்டையோடு மேடேறுகிறவருக்கு அந்தச் சலுகையால் பயனில்லை.

ஏறுவதைவிட இறங்குவதுதான் சைக்கிள்காரரை உண்மையில் வீழ்த்துகிறது. கணவாயில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு சிகரத்துக்கு நடந்து போய்வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது எல்லோரையும் முந்துவார். மறுநாள் காலையில் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கத் தடுமாறுவார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதித்த தொடை, ஒரு நாள் இறக்கத்துக்கு ஏன் இப்படிக் கெஞ்சுகிறது?

இதற்கு விடை சொல்லும் சோதனை உடலியலில் எனக்கு மிகவும் பிடித்தது. 1952-இல் லண்டனில் ஆபட், பிக்லண்ட், ரிச்சி என்ற மூவர் இரண்டு சைக்கிள்களை முதுகோடு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் பிணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிப்பார். அதனால் மற்றவரின் மிதிகள் பின்னோக்கிச் சுழலும், அவர் அதை எதிர்த்து அழுத்துவார். இருவரும் தருவது ஒரே விசை, ஒரே வேகம். ஆனால் மிதிப்பவர் ஆக்சிஜனை அள்ளி விழுங்க, எதிர்ப்பவருக்கு அதில் சிறு பங்கே போதுமாக இருந்தது. வேகம் கூடக் கூட வேறுபாடும் கூடியது. ராயல் சொசைட்டியில் இதைச் செய்துகாட்டியபோது மிதித்தவர் வாட்டசாட்டமான ஆண், எதிர்த்தவர் சிறிய உருவம் கொண்ட பெண். ஆண்தான் களைத்து ஓய்ந்தார்.

சுருங்கிக்கொண்டே விசை தருவது தசைக்கு ஒரு வகை வேலை. இழுபட்டு நீண்டுகொண்டே விசை தருவது இன்னொரு வகை. நிறைகுடத்தைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மெல்ல இறக்கும் கை செய்வது இரண்டாவது வேலை. மலையிலிருந்து இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மடங்க, தொடைத் தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்கி மெல்ல இறக்குகிறது. இதற்கு ஆக்சிஜன் குறைவாகச் செலவாவதால் இறங்கும்போது மூச்சு வாங்குவதில்லை, களைப்பே தெரிவதில்லை. ஆனால் குறைந்த எண்ணிக்கையிலான இழைகளே முழுப் பாரத்தையும் ஏற்பதால், அவற்றில் பலவீனமான கண்ணிகள் அளவுக்கு மீறி இழுபட்டுச் சிதைகின்றன. வீக்கமும் வலியும் மெல்லக் கூடி இரண்டாம் நாளில் உச்சத்துக்கு வரும். லாக்டிக் அமிலம் தேங்கியதால் வரும் வலி என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறு, லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

சைக்கிள் மிதிப்பதில் இந்த நீளும் வேலை ஏறக்குறைய இல்லவே இல்லை. மிதியை அழுத்தும்போது தொடை சுருங்குகிறது, மிதி மேலே வரும்போது ஓய்கிறது. ஓர் ஆண்டு முழுவதும் மிதித்தாலும் இறங்கும் கலையை அந்தத் தசை கற்பதில்லை. மலையில் முடியப்போகும் நெடும்பயணத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, வழியில் சின்னக் குன்று தென்பட்டால் வண்டியை நிறுத்தி ஏறி இறங்குங்கள். ஒரே ஒரு முறை மிதமாக இறங்கினாலே போதும், அடுத்த சில வாரங்களுக்குத் தசைக்கு அந்தச் சேதம் வெகுவாகக் குறையும்.

பயணத்தின் முடிவு என்பதற்கே தனி உடலியல் உண்டு. 2015-இல் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு 140 நாட்கள், வாரத்துக்கு ஆறு மாரத்தான் தொலைவு என்று ஓடியவர்களின் ஆற்றல் செலவை ஆராய்ச்சியாளர்கள் அளந்தார்கள். 2019-இல் வெளியான முடிவு இது: தொடக்க வாரத்தில் ஏராளமாகச் செலவழித்த உடல்கள் போகப்போகச் சிக்கனத்துக்கு மாறின. நீண்ட காலத்தில் மனித உடலின் அன்றாடச் செலவு, ஓய்வில் ஆகும் செலவைப்போல் சுமார் இரண்டரை மடங்கில் வந்து நிற்கிறது. குடல் ஒரு நாளில் உறிஞ்சித் தரக்கூடிய உணவுக்கு வரம்பு உண்டு என்பது அவர்கள் தந்த விளக்கம். அதற்கு மேல் செலவழித்தால் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் கொடுக்க வேண்டும். மலைக்கு வந்து சேரும் பயணி இந்த வரம்பில் மாதக்கணக்கில் உரசிக்கொண்டே வந்தவர். கூடவே உயரத்தில் பசி மங்கிவிடும். செலவு உச்சத்தில் இருக்கும் இடத்தில் வரவு குறைகிறது.

க்ரோப்புக்கு இவை எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. அவரைக் காப்பாற்றியது வலிமை அல்ல, நேரம். அடிவார முகாமுக்கு நடந்து ஏறியதும், மேலே போவதும் இறங்குவதுமாக வாரங்கள் கழித்ததும் ரத்தத்துக்குத் தேவையான அவகாசத்தைக் கொடுத்தன. மே 3 அன்று தொடையளவு பனியில் வழி உண்டாக்கிக்கொண்டே உச்சிக்குச் சுமார் நூறு மீட்டர் கீழே வரை போனார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தொடர்ந்தால் இருட்டில் இறங்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுத் திரும்பிவிட்டார். அவரது பயணம் முழுவதிலும் நான் பெரிதும் மதிப்பது இந்த முடிவைத்தான். அந்த உயரத்தில் மூளைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் எவ்வளவு குறைவு என்பது பின்னால்தான் நேரடியாக அளக்கப்பட்டது. 2007-இல் ஒரு பிரிட்டிஷ் மருத்துவக் குழுவினர் உச்சியிலிருந்து இறங்கும் வழியில், 8,400 மீட்டரில், தங்கள் தொடைத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். 6,400 மீட்டரிலிருந்த ஆய்வு முகாமுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் அது கொண்டுவரப்பட்டது. ஆக்சிஜன் அழுத்தம் சராசரியாக 24.6 மில்லிமீட்டர். நம் உடலில் அது 90-க்கு மேல் இருக்கும். அந்த அளவோடு எந்த மருத்துவமனைக்கு வந்தாலும் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவுதான். இவர்களோ நடந்துகொண்டிருந்தார்கள், பேசினார்கள், ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். வாரக்கணக்கில் பழகாத உடல் அங்கே சில நிமிடங்களில் மயங்கிவிழும்.

க்ரோப் முகாமில் தேறிக்கொண்டிருந்த நாட்களில், மே 10 அன்று மலையைப் புயல் சூழ்ந்தது. எட்டுப் பேர் இறந்தார்கள். மே 23 அன்று அவர் மீண்டும் ஏறி, உருளை இல்லாமலேயே உச்சியைத் தொட்டார். திரும்பும் வழியிலும் ஒரு பகுதியைச் சைக்கிளிலேயே கடந்தார்.

மலையைவிட்டு இறங்கியதும் உடல் கணக்குகளை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்கிறது. மூச்சின் வேகமும் சிறுநீரகத்தின் பைகார்பனேட் கணக்கும் நாட்களில் பழைய நிலைக்கு வரும். கூடுதல் சிவப்பணுக்கள் சில வாரங்களில் குறைந்துவிடும். மைட்டோகாண்ட்ரியாக்கள் மிதிப்பதை விட்ட சில வாரங்களில் சரியத் தொடங்கும். இறங்குவதற்குத் தசை பெற்ற பாதுகாப்பு மட்டும் சில மாதங்கள்வரைகூட நீடிப்பதுண்டு. அடுத்த கோடையில் அதே கணவாய்க்குப் போகிறவர் வழியை அறிந்தவராக இருக்கலாம். ஆனால் 3,000 மீட்டருக்கு மேல் அவரது ரத்தம் புதிதாக வருகிறவரின் ரத்தம்தான், அதே ஐந்நூறு மீட்டர் விதி அவருக்கும் முதல் நாளிலிருந்தே பொருந்தும்.